ஐ.சி.யூ.வில் எடுத்த தைராய்டு டெஸ்ட்: மருத்துவமனை மீது வழக்கு போடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. போன வருடம் நிமோனியா வந்து மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது நாள் ஐ.சி.யூ.வில் இருந்தார். அங்கே எடுத்த தைராய்டு டெஸ்டில் டி3 என்ற தைராய்டு ஹார்மோன் குறைவு. டிஸ்சார்ஜ் அன்று டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; ஏறினால் தைராய்டு மந்தம் என்பார்கள்) 12. தினமும் தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரை 100 மைக்ரோகிராம் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டே மாதத்தில் படபடப்பு, இதயத் துடிப்பு தாறுமாறாகி மறுபடி அட்மிஷன், 1.4 லட்சம் செலவு. திருச்சியில் எங்கள் டாக்டர் மாத்திரையை நிறுத்தினார். ஆறு வாரம் கழித்து டி.எஸ்.எச். 2.4. தைராய்டு கெடவே இல்லை என்கிறார். தேவையில்லாத டெஸ்ட் எடுத்ததற்கு வழக்கு போடலாமா?

பதில்: டெஸ்டுக்காக மட்டும் என்றால் போடாதீர்கள், நிற்காது. உங்கள் வழக்கு மாத்திரைச் சீட்டில் இருக்கிறது.

உடம்பு கடுமையாகச் சீர்கெட்டிருக்கும்போது, தைராய்டு நன்றாக இருந்தாலும் டி3 இறங்கும். தேறி வரும்போது டி.எஸ்.எச். கொஞ்ச நாள் ஏறி, 20 வரைகூடப் போய் தானாக இறங்கும். அதனால்தான் தைராய்டுக் கோளாறு என்று பலமான சந்தேகம் இல்லாவிட்டால் அந்த நேரத்தில் டெஸ்ட் எடுக்க வேண்டாம், எடுத்தாலும் ஆறு வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள் என்பது மருத்துவ வழக்கம். ஆனால் ஐ.சி.யூ.வில் சந்தேகப்பட்டு எடுத்தேன் என்று டாக்டர் சொன்னால் நுகர்வோர் ஆணையம் ஏற்கும். கணிப்பு தவறினாலே அலட்சியம் ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் சொல்லிவிட்டது. போலீஸ் புகாரும் அதே காரணத்தால் வேண்டாம்; அதற்கு மிக மோசமான அலட்சியம் காட்ட வேண்டும்.

சரி, எதைப் பிடிப்பது? 64 வயதுக்காரருக்கு, இப்போதுதான் நிமோனியாவிலிருந்து எழுந்தவருக்கு, எடுத்த எடுப்பில் 100 மைக்ரோகிராம். திரும்ப டெஸ்ட் எடுக்கச் சொல்லி டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி உண்டா? இல்லையென்றால் அதுதான் உங்கள் ஆயுதம். அந்த வரி இருந்தும் நீங்கள் டெஸ்டுக்குப் போகவில்லையென்றால் வழக்கு பாதி போச்சு.

முதலில் முழு கேஸ் ஷீட்டை எழுத்தில் கேளுங்கள். 2002 மருத்துவ நெறிமுறை விதிப்படி 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதைப் படித்த பிறகுதான் வக்கீல் நோட்டீஸ். அப்பாவுக்கு ஏற்கெனவே கழுத்தில் வீக்கமோ, தைராய்டு எதிர்ப்பணு டெஸ்ட் பாசிட்டிவோ இருந்தால் எதிர்த்தரப்பு அதைத்தான் தூக்கிக்கொண்டு வரும். எனக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், திருச்சி டாக்டர் சொன்னதை எழுத்தில் வாங்குங்கள். பலர் சக டாக்டருக்கு எதிராக எழுதத் தயங்குவார்கள். அப்படியானால் வேறொரு ஹார்மோன் நிபுணரைப் பாருங்கள். எல்லா வழக்கிலும் நிபுணர் சாட்சி கட்டாயமில்லைதான். ஆனால் தவறான காலை அறுத்துவிட்டார்கள் என்பது போல வெளிப்படையான விஷயமில்லை இது. மாத்திரையால்தான் துடிப்பு கெட்டது என்று ஒருவர் சொல்லியாக வேண்டும். நிமோனியாவே அதைச் செய்யக்கூடும்.

2019 சட்டப்படி அப்பா வசிக்கும் திருச்சியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் அவர் பெயரில் மனு போடலாம், மதுரைக்கு அலைய வேண்டாம். மருத்துவமனைக்குக் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. கெடு இரண்டு வருடம். மாத்திரை எழுதிய தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். மருத்துவமனை பதில் போடட்டும் என்று காத்திருந்து நாளைக் கடத்திவிடாதீர்கள்.