ஜிங்க் ஆக்சைடில் 1.96 சிக்னல் வந்தால் அது ஆக்சிஜன் காலியிடம்தானா?

நானோ ஜிங்க் ஆக்சைடின் ஈபிஆர் (காந்தப்புலத்தில் வைத்த பொருள் மைக்ரோவேவை உறிஞ்சுவதை அளக்கும் முறை) ஸ்பெக்ட்ரத்தில் ஜி மதிப்பு (கோடு எந்தக் காந்தப்புலத்தில் விழும் என்பதைச் சொல்லும் எண்) 1.96 அருகே ஒரு கோடு தெரிகிறது, அதை ஆக்சிஜன் காலியிடம் என்று தீசிஸில் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து எழுதாதீர்கள். எத்தனையோ கட்டுரைகளில் அப்படித்தான் இருக்கிறது, ஆனாலும் அது சரியில்லை.

ஈபிஆர் கருவிக்கு இணை சேராத எலெக்ட்ரான் மட்டுமே தெரியும். ஜிங்க் ஆக்சைடில் ஆக்சிஜன் விட்டுப்போன இடத்தில் வழக்கமாக இரண்டு எலெக்ட்ரான்கள் ஜோடியாகத் தங்கும். மொத்த ஸ்பின் பூஜ்யம், சிக்னல் கிடையாது. இரண்டுமே போய்விட்டாலும் கிடையாது. ஒன்று மட்டும் மிஞ்சும் நிலைதான் தெரியும், அதுவோ இருட்டில் நிலைத்து நிற்பதில்லை. எலெக்ட்ரான் கற்றையால் தாக்கிய படிகத்தைக் குளிரவைத்து, மேலே ஒளி பாய்ச்சினால் அது 1.995 அருகே வரும். 9.5 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவில் இது சுமார் 340 மில்லிடெஸ்லா காந்தப்புலம். உங்கள் கோடு 346இல் இருக்கும். குழப்பிக்கொள்ளும் அளவுக்கு நெருக்கமில்லை.

அப்படியானால் 1.96 யாருடையது? ஆழமற்ற டோனர்களுடையது, அதாவது தன் எலெக்ட்ரானை எளிதில் படிகத்துக்குக் கொடுத்துவிடும் மாசு அணுக்களுடையது. அலுமினியம், காலியம், இண்டியம் எதுவாகவும் இருக்கலாம். நான் முதலில் சந்தேகப்படுவது ஹைட்ரஜனைத்தான். ஜிங்க் ஆக்சைடில் ஹைட்ரஜன் டோனராகவே நடந்துகொள்ளும் என்று 2000இல் இயற்பியலாளர் வான் டி வால்லே கணக்கிட்டுச் சொன்னார். 2002இல் ஜெர்மானியக் குழு ஒன்று எண்டோர் (ஈபிஆரோடு அருகிலுள்ள அணுக்கருக்களையும் சேர்த்துப் பார்க்கும் முறை) அளவீட்டில் அதை நேரடியாகக் காட்டியது. கரைசல் வழியில் செய்த தூள் என்றால் தண்ணீரும் ஹைட்ராக்சைடும் கூடவே வந்திருக்குமே!

ஆக்சிஜனில் சூடாக்கியதும் சிக்னல் குறைந்தது, அதனால் காலியிடம்தான் என்ற வாதமும் நிற்காது. சூட்டில் ஹைட்ரஜனும் வெளியேறிவிடும். காலியிடத்துக்குச் சாட்சியாக ஜிங்க் ஆக்சைடின் பச்சை ஒளிர்வைத் துணைக்கு அழைக்காதீர்கள், அதற்குச் செம்பு உட்படப் பல உரிமையாளர்கள் உண்டு.

மெக்னீசியம் ஆக்சைடு வேறு கதை. அங்கே 2.0023இல் வரும் கோடு உண்மையிலேயே ஒற்றை எலெக்ட்ரானைப் பிடித்து வைத்த ஆக்சிஜன் காலியிடம். அந்தப் பழக்கத்தை ஜிங்க் ஆக்சைடுக்கு அப்படியே கொண்டுவரக் கூடாது.

அப்புறம், முடிந்தால் குறைந்த வெப்பநிலையில், ஒளியோடும் ஒளியில்லாமலும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 1.995இல் எதுவும் எழவில்லை என்றால், “ஆழமற்ற டோனர், ஹைட்ரஜனாக இருக்கலாம்” என்று எழுதுங்கள்.