பல துறை நிறுவனங்கள் ஒன்றிணைந்தால் ஒரு வட்டாரத்தின் பொருளாதாரம் அனைவருக்குமானதாக மாறுமா?

மாறும் என்பதற்கு வடமேற்கு இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரம் வலுவான சான்று. சுமார் 70 கோடி பவுண்டு மதிப்பிலான வணிக வளாகத் திட்டம் 2011-இல் கைவிடப்பட்ட பின், வெளி முதலீட்டுக்காகக் காத்திராமல், தன் எல்லைக்குள்ளேயே செலவாக வேண்டிய பணம் எங்கே போகிறது என்று நகர மன்றம் ஆராயத் தொடங்கியது. நகர மன்றம், லங்காஷயர் மாவட்ட மன்றம், காவல் துறை, இரு கல்லூரிகள், வீட்டுவசதி அமைப்பு ஒன்று ஆகிய ஆறும் தம் கொள்முதல் கணக்குகளை ஒப்பிட்டபோது, 2012-13-இல் அவை செலவிட்டதில் பிரஸ்டனுக்குள் தங்கியது 5 விழுக்காடு மட்டுமே எனத் தெரிந்தது. 2016-17-இல் அது 18.2 விழுக்காடாக, அதாவது ஏறத்தாழ 3.8 கோடியிலிருந்து 11 கோடி பவுண்டுக்கும் மேலாக, உயர்ந்தது.

இதன் சூட்சுமம் ஒப்பந்தங்களின் அளவில் இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் மட்டுமே எடுக்கக்கூடியதாக இருந்த பள்ளி உணவு ஒப்பந்தத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்ததால், உள்ளூர் வழங்குநர்கள் வழியே லங்காஷயர் விவசாயிகளின் விளைபொருள்களும் பள்ளிகளுக்குச் சென்றன. எளிய மாற்றந்தான், ஆனால் அரசு அலுவலகங்களில் இதைச் செய்ய மிகுந்த உறுதி வேண்டும்.

உள்ளூர் முதலாளி என்பதாலேயே அவர் நியாயமான ஊதியம் தருவார் என்று கொள்ள முடியாது. ஆகவே வாழ்க்கைச் செலவுக்குப் போதுமான ஊதியமான வாழ்வூதியத்தையும் தொழிற்பயிற்சி இடங்களையும் ஒப்பந்த நிபந்தனைகளிலேயே எழுதிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.