கோபம் போகவில்லை என்றால் மனந்திரும்புதல் பொய்யா?

சகோதரரே, ஞானஸ்நானம் பெற்ற பிறகும் மனைவியிடம் கத்திவிடுகிறேன், என் மனந்திரும்புதலே பொய்யோ என்று கேட்டிருக்கிறீர்கள். பொய்யாக இருந்தால் இந்த உறுத்தலே வந்திருக்காது. அப்போஸ்தலர் 15-ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். உடன் ஊழியனான மாற்குவை அடுத்த ஊழியப் பயணத்துக்கு அழைத்துப் போவதா என்பதில் அப்போஸ்தலர்களான பவுலுக்கும் பர்னபாவுக்கும் கடுங்கோபம் மூண்டு, இருவரும் பிரிந்தே போனார்கள். அந்நூலை எழுதிய லூக்கா அதைப் பூசி மெழுகவில்லை. அதே பவுல் பல ஆண்டுகள் கழித்து, 2 தீமோத்தேயு 4:11-இல், மாற்குவை அழைத்து வரச் சொல்கிறார். ஊழியத்துக்கு அவன் பயனுள்ளவனாம்!

இதைச் சாக்காக்கிக்கொள்ளாதீர்கள். பொழுது சாய்வதற்குள் கோபம் தணியட்டும் என்கிறது எபேசியர் 4:26. தேவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மனைவியிடம் கேட்காமல் படுத்துவிடுவது நம்மில் பலருக்கு வசதியான பழக்கம். இன்றிரவு, "நீயும்தான் பேசினாய்" என்ற வால் இல்லாமல், "கத்தியது என் தவறு" என்று மட்டும் சொல்லுங்கள். கை ஓங்கும் அளவுக்குப் போகிறதென்றால், ஜெபத்தோடு நிற்காமல் மனநல ஆலோசகரையும் பாருங்கள்.