திரையில் யார் அடிவாங்கும்போது நாம் கை தட்டுகிறோம்?

கேள்வி கேட்டிருப்பவர் ஒரு தாய். பன்னிரண்டு வயது மகன் அடிதடிப் படங்களாகவே தேடித் தேடிப் பார்க்கிறான். "இப்படியே போனால் இவனும் ஒருநாள் கத்தியைத் தூக்குவான்" என்கிறார் மாமியார். "சினிமாதானே, எழுந்து வந்தால் மறந்துவிடுவான்" என்கிறார் கணவர். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறார்.

இருவரோடும் எனக்கு உடன்பாடு இல்லை. மாமியார் அஞ்சுவது மிக அரிதாக நடக்கக்கூடியது. கணவர் நம்பும் மறதி எனக்குத் தெரிந்து யாருக்கும் வாய்த்ததில்லை.

முதலில் கத்தி விவகாரத்தை முடித்துவிடுகிறேன். இந்த விவாதத்தில் எல்லோரும் 1961-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா நடத்திய சோதனையிலிருந்துதான் தொடங்குவார்கள். காற்றடைத்த பெரிய பொம்மை ஒன்றைப் பெரியவர் ஒருவர் குத்தி, உதைத்து, சுத்தியலால் அடிப்பதைச் சிறு குழந்தைகள் பார்த்தார்கள். பிறகு அதே பொம்மை இருந்த அறையில் விடப்பட்டபோது அவர்களில் பலர் அதே அடிகளை அப்படியே அடித்தார்கள். 1963-இல் ஆளை நேரில் காட்டாமல் படமாகத் திரையில் காட்டினார்கள். விளைவு ஏறக்குறைய அதேதான். சினிமா கெடுக்கிறது என்பதற்கு இதையே சான்றாகக் காட்டுகிறார்கள். ஆனால் அந்தப் பொம்மை அடித்தால் சாய்ந்து மறுபடி நிமிர்வதற்கென்றே செய்யப்பட்டது. அதை அடிப்பதை வன்முறை என்பதா, விளையாட்டு என்பதா?

அதே பண்டூரா 1965-இல் வெளியிட்ட இன்னொரு சோதனையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். அடித்தவருக்குக் கடைசியில் தண்டனை கிடைப்பதாக முடியும் படத்தைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அடித்தார்கள். ஆனால் "பார்த்ததைச் செய்து காட்டினால் பரிசு" என்றதும் அவர்களும் மற்றவர்களுக்குச் சளைக்காமல் எல்லா அடியையும் செய்து காட்டினார்கள். அடி எல்லோர் மனதிலும் ஏறியிருந்தது. எப்போது அடிக்கலாம், யாரை அடித்தால் சரி என்ற உத்தரவை மட்டும் ஒவ்வொரு படமும் வெவ்வேறாகக் கொடுத்திருந்தது.

படம் பார்த்துவிட்டு வெளியே வந்து அடிக்கிறார்களா என்பதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. கார்டன் டால், ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா என்ற இரு பொருளாதார அறிஞர்கள், 1995 முதல் 2004 வரை அமெரிக்காவில் வன்முறைப் படங்கள் நன்றாக ஓடிய வார இறுதிகளையும் அதே நாட்களின் குற்றக் கணக்கையும் ஒப்பிட்டு 2009-இல் வெளியிட்டார்கள். கூட்டம் அதிகமாக இருந்த நாட்களில் மாலையிலும் இரவிலும் அடிதடிக் குற்றங்கள் குறைந்திருந்தன. காரணம் எளியது. சண்டைக்குப் போகக்கூடிய இளைஞர்கள்தான் அப்படிப்பட்ட படங்களுக்கு வருகிறார்கள். திரையரங்கில் இருக்கும் நேரத்தில் தெருவிலும் மதுக்கடையிலும் இருப்பதில்லை. நீண்ட காலத்தில் என்ன ஆகும் என்பதை இந்த ஆய்வு சொல்லவில்லை. சொல்வதாக அவர்களும் உரிமை கொண்டாடவில்லை.

இதை நம்ப எனக்கு ஆய்வு தேவைப்படவில்லை. எங்கள் குடும்பம் தென்மாவட்டச் சிறுநகர் ஒன்றில் திரையரங்கு நடத்தியது. இப்போது அந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது; வருமானம் அதில்தான் அதிகம் என்று சித்தப்பா சொல்கிறார். கல்லூரிக் காலம் முழுவதும் நான் டிக்கெட் கவுண்டரிலும் ஆபரேட்டர் அறையிலும் உதவிக்கு நின்றிருக்கிறேன். எங்கள் அரங்கில் அடிதடி நடந்ததுண்டு. வரிசையில் முந்தியதற்காக, முன் இருக்கையில் கால் வைத்ததற்காக, ரசிகர் மன்றப் பேனரை யார் எங்கே கட்டுவது என்பதற்காக. கதாநாயகன் வெட்டினான் என்பதற்காக யாரும் யாரையும் வெட்டிப் பார்த்ததில்லை.

ஆகவே பாதிப்பே இல்லையா என்றால், இருக்கிறது. அதைக் கையில் தேடுவதால்தான் கண்ணில் படுவதில்லை.

பிராட் புஷ்மன், கிரெய்க் ஆண்டர்சன் இருவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், திரையரங்கு வாசலில் ஊன்றுகோலோடு நின்ற ஒரு பெண் கோலைத் தவறவிட்டு எடுக்க முடியாமல் திணறுகிறாள். அது ஏற்பாடு செய்த நாடகம். வன்முறைப் படம் பார்த்துவிட்டு வெளியே வந்தவர்கள் அவளுக்கு உதவ மற்றவர்களைவிட 26 சதவீதம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். அதே படத்துக்கு உள்ளே போகக் காத்திருந்தவர்களிடம் அந்தத் தாமதம் இல்லை. ஆகவே அவர்கள் இயல்பிலேயே கல்நெஞ்சர்கள் என்று தள்ளிவிட முடியாது. யாரையும் அடிக்கவில்லை, உதவாமல் போகவும் இல்லை. அடுத்தவர் வலி அவர்களை எட்டக் கொஞ்சம் தாமதமானது, அவ்வளவுதான்.

இந்தத் தாமதம் ஊர் அளவில் எப்படி இருக்கும் என்பதற்கு நம் போலீஸ் படங்களைப் போல வேறு உதாரணம் கிடையாது.

அந்தப் படங்களின் கட்டுமானத்தைக் கவனியுங்கள். இடைவேளைக்கு முன் வில்லன் ஒரு பெண்ணையோ குழந்தையையோ கொடூரமாகச் சிதைப்பான். பிறகு நீதிமன்றக் காட்சி. வழக்கறிஞர் ஒரு சட்ட ஓட்டையைக் காட்டுவார், நீதிபதி கையைப் பிசைவார், வில்லன் சிரித்துக்கொண்டே வெளியே வருவான். மனித உரிமை ஆணையத்திலிருந்து ஒருவர் வந்தால் அவர் கோமாளியாகவோ விலைபோனவராகவோ இருப்பார். இத்தனையும் முடிந்த பிறகு லாக்கப் அறைக் கதவு சாத்தப்படும். கதாநாயகன் சட்டைக் கையை மடிப்பான். அந்த இடத்தில் அரங்கே அதிரும். ஆபரேட்டர் அறையின் சின்னச் சதுரத் துளை வழியாக நான் பலமுறை பார்த்தது: மிகுந்த ஆவேசத்தோடு கை தட்டியவர்கள், நிஜத்தில் காவல் நிலையப் படி ஏறவே நடுங்கக்கூடியவர்கள். ஆட்டோ ஓட்டுபவர், மீன் கடைப் பையன், சந்தேகத்தின் பேரில் ஒருமுறை அழைத்துச் செல்லப்பட்டு வீங்கிய காலோடு திரும்பியவர். அந்த அறையில் அடிவாங்கப் போகிறவன் தன்னைப் போன்ற ஒருவன்தான் என்பது இரண்டரை மணி நேரம் அவர்களுக்குத் தோன்றாமல் பார்த்துக்கொள்வதில்தான் அந்தப் படங்களின் திறமை இருக்கிறது.

2019 நவம்பரில் ஹைதராபாத்துக்கு அருகே கால்நடை மருத்துவர் ஒருவர் வன்புணர்வு செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். கைதான நான்கு பேரும் டிசம்பர் 6 அதிகாலையில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். மக்கள் திரண்டு வந்து காவலர்கள் மேல் பூத்தூவினார்கள், பட்டாசு வெடித்தார்கள், இனிப்பு கொடுத்தார்கள். நம்மூர்த் தொலைக்காட்சிகளிலும் தேநீர்க் கடைகளிலும் அன்று வேறு குரல் கேட்கவில்லை. உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022-இல் வெளியானது. ஆயுதத்தைப் பறித்துத் தாக்கியதால் சுட்டோம் என்ற காவல் துறையின் வாதம் நம்பத்தக்கதல்ல, கொல்லும் நோக்கத்தோடே சுடப்பட்டது என்றது அது. இறந்தவர்களில் மூவர் 18 வயது நிரம்பாதவர்கள் என்றும் சொன்னது. அன்று பூத்தூவியவர்களில் எத்தனை பேர் அந்த அறிக்கையைப் படித்திருப்பார்கள்?

ஏழு மாதம்கூட ஆகவில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளம். ஊரடங்கு நேரம் தாண்டிக் கடையைத் திறந்துவைத்திருந்ததாகச் சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்தார்கள். தமிழகமே கொதித்தது, வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. அந்த வாரம் இயக்குநர் ஹரி ஓர் அறிக்கை வெளியிட்டார்: காவல் துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அதில் சொல்லியிருந்தார். தன் படங்களைப் பற்றி அப்படிச் சொல்ல எந்தச் சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. நான் அதை மதிக்கிறேன். 2010-இல் வந்த அவருடைய 'சிங்கம்'தான் அடுத்த ஆண்டு இந்திக்குப் போனது. அந்த இந்திப் படத்தின் பெயரைச் சொல்லித்தான் 2023-இல் மும்பை உயர் நீதிமன்ற நீதிபதி கௌதம் படேல், சட்ட நடைமுறையைப் பொறுக்காத நாயகக் காவலர் என்ற பிம்பம் ஆபத்தானது என்று ஒரு நிகழ்ச்சியில் பேசினார்.

பழியை எல்லாம் சினிமா மேல் போடுவது எனக்கு ஒப்பாது. வழக்குகள் பல ஆண்டுகள் இழுப்பது உண்மை. அந்தச் சலிப்பு சினிமா உண்டாக்கியதில்லை. காமன் காஸ் என்ற தன்னார்வ அமைப்பும் லோக்நீதி ஆய்வுக் குழுவும் 2019-இல் வெளியிட்ட காவல் பணி ஆய்வில், கேட்கப்பட்ட காவலர்களில் நான்கில் மூவர், குற்றவாளிகளிடம் வன்முறை காட்டுவது சரியே என்று நினைத்தார்கள். அவர்களும் படம் பார்த்துத்தான் அப்படி ஆனார்கள் என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை. ஆனால் சாத்தான்குளத்துக்கு அழுத ஊரே ஹைதராபாத்துக்குக் கை தட்டியதே, அந்த முரணுக்குத் திரையில் நாம் பெற்ற நீண்ட பழக்கத்தைத் தவிர வேறு நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. தந்தை, மகன் இருவரின் முகமும் கடையும் குடும்பமும் நமக்குத் தெரிந்தன. மற்ற நால்வரும் நமக்கு வில்லனின் ஆட்கள்.

இந்தக் கணக்கில் இரத்தம் எவ்வளவு சிந்தியது என்பதற்குப் பெரிய இடமில்லை. வெற்றிமாறனின் 'விசாரணை'யில் லத்தி விழும் ஓசை எந்த மசாலாப் படத்தையும்விட அதிகம். கோவையில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமார், தான் லாக்கப்பில் பட்டதை எழுதிய நூலிலிருந்து எடுத்த படம் அது. எங்கள் ஊரில் அதைப் பார்த்த கூட்டத்தில் ஒருவர்கூடக் கை தட்டவில்லை. இடைவேளையில் முறுக்குகூடச் சரியாக விற்கவில்லை. அதே லத்தி, அதே அறை. கேமரா மட்டும் அடிவாங்குபவன் பக்கம் நின்றது.

இதற்கு நேர் எதிர் வகையும் உண்டு. நாயகன் ஐம்பது பேரைப் பறக்கவிடுவான். ஒருவருக்கும் எலும்பு முறியாது, ஒருவர் மனைவியும் மருத்துவமனை வாசலில் நிற்க மாட்டாள். அமெரிக்கத் தொலைக்காட்சியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜார்ஜ் கெர்ப்னர் இதற்கு 'மகிழ்ச்சியான வன்முறை' என்று பெயர் வைத்தார்: வேகமானது, வலியற்றது, எப்போதும் சுபமாக முடிவது. நம்மூரில் இதற்கு அரசே உரம் போட்டது. 2011 முதல் ஜி.எஸ்.டி. வந்த 2017 வரை, தமிழ்நாட்டில் கேளிக்கை வரிவிலக்கு வேண்டுமென்றால் படத்துக்கு 'யு' சான்றிதழ் வேண்டும். தயாரிப்பாளர்கள் கதையை மாற்றவில்லை, இரத்தத்தைத் துடைத்தார்கள். வெட்டு இருக்கும், காயம் இருக்காது. குழந்தைகளுக்கு உகந்தது என்ற முத்திரையோடு வந்த அந்த வலியில்லாத அடிதான், என்னைக் கேட்டால், 'ஏ' படத்து இரத்தத்தைவிடக் கெட்டது.

கெர்ப்னர் சொன்ன இன்னொன்றையும் உங்கள் மாமியாரிடம் சொல்லுங்கள். அதிகம் பார்ப்பவர்கள் அடிப்பவர்களாக மாறுவதைவிட, தங்களை யாராவது அடித்துவிடுவார்கள் என்று அஞ்சுபவர்களாக மாறுவதே அதிகம் என்பது அவருடைய முடிவு. குழந்தைகள் விஷயத்தில் இந்த அச்சத்தை நாம் கவனிப்பதே இல்லை. ஜோஆன் கேன்டரும் உடன் ஆய்வாளரும் 1999-இல் கல்லூரி மாணவர்களிடம் கேட்டபோது, சிறு வயதில் திரையில் பார்த்த ஏதோ ஒன்றின் பயம் இன்னும் தங்களிடம் எஞ்சியிருப்பதாக ஏறக்குறைய நான்கில் ஒருவர் சொன்னார்கள்.

உங்கள் மகனுக்கு வருகிறேன். 2023-இல் ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்தி 'யு/ஏ' சான்றிதழை 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். அது பெற்றோருக்கான வழிகாட்டல் மட்டுமே. 'ஏ' ஒன்றுதான் வாசலில் தடுக்கும். வாசலே இல்லாத கைப்பேசியில் நீங்கள்தான் டிக்கெட் கிழிப்பவர். பன்னிரண்டு வயதுப் பையனிடம் படத்தைப் பிடுங்கினால் நண்பன் வீட்டில் பார்ப்பான். அதனால் கூட உட்காருங்கள். அடிவாங்கி விழுந்த அடியாள் யார், அவன் ஏன் அந்த வேலைக்கு வந்தான், நாளை அவன் வீட்டில் என்ன நடக்கும் என்று கேளுங்கள். என் அக்கா மகளிடம் இதைத் தொடங்கினேன். இப்போது சண்டைக் காட்சி வந்தாலே அவளாகவே அடியாட்களுக்குப் பெயர் வைத்து, ஊர் சொல்லி, எங்களைப் படம் பார்க்கவிடாமல் செய்கிறாள்.

கணவரிடம் வேறு ஒன்று பேச வேண்டும். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் உங்கள் வீட்டில் செய்தித் தொலைக்காட்சி ஓடுகிறதா? நடுத்தெருவில் ஒருவரை வெட்டும் சி.சி.டி.வி. காட்சியை, சிவப்பு வட்டம் போட்டு, பின்னணி இசை சேர்த்து, திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள். அதற்குத் தணிக்கைச் சான்றிதழும் இல்லை, வயது வரம்பும் இல்லை, விழுபவர் எழுந்து அடுத்த படத்துக்குப் போவதும் இல்லை. பையனின் படங்களைப் பற்றி முடிவெடுப்பதற்கு முன்னால் அதை நிறுத்தச் சொல்லுங்கள்.