அடுப்படி அத்தை பதில்கள்: ஆறு வெள்ளியில் வீகன் சாப்பாடு

கேள்வி: எனக்கு 16 வயது. உயர்நிலை நான்கில் படிக்கிறேன். ஜூன் விடுமுறை முதல் வீகனாக மாறிவிட்டேன். இறைச்சி, மீன், முட்டை மட்டுமல்ல, பால், தயிர், நெய்யும் கிடையாது. அம்மா தடுக்கவில்லை. ஆனால், “உனக்கென்று தனியாகச் சமைக்க முடியாது, தனியாகக் காசும் தரமாட்டேன்” என்கிறார். பள்ளிச் செலவுக்கு நாளுக்கு ஆறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கிடைக்கிறது. ஓட்ஸ் பாலும் தாவர இறைச்சி பர்கரும் வாங்கினால் வாரப் பணம் புதன்கிழமைக்குள் தீர்ந்துவிடுகிறது. பாட்டியோ எலும்பு தேய்ந்துவிடும் என்று பயமுறுத்துகிறார். என்ன செய்யலாம்? — மாணவர், ஈசூன்

பதில்: தம்பி, முதலில் அந்தப் பேரங்காடிக் குளிர்பெட்டியை விட்டு நகர்ந்து வா. அட்டைப்பெட்டியில் வரும் தாவர இறைச்சி எப்போதாவது ருசி பார்க்கிற சாமான், அன்றாடச் சாப்பாடு அல்ல. ஓட்ஸ் பால் காப்பிக்கு நன்றாக இருக்கும். புரதத்துக்கு என்றால் சோயாப் பால்தான் உனக்கு வேண்டும், விலையும் குறைவு. கால்சியம் சேர்த்த பாலா என்று லேபிளைப் படித்து வாங்கு.

தனியாகச் சமைக்க முடியாது என்று அம்மா சொன்னதற்காக நீ வருந்த வேண்டியதில்லை. வீட்டில் ஏற்கெனவே கொதிக்கிற சாம்பாரிலும் புளிக்குழம்பிலும் கீரைக் கடைசலிலும் நெய் ஊற்றுமுன் உன் பங்கை எடுத்துவைத்தால் போதும். அதற்கு நீ அந்த நேரத்தில் அடுப்படியில் நிற்க வேண்டும்; அறைக்குள் கைப்பேசியோடு இருந்துவிட்டு, சாப்பிட உட்கார்ந்தபின் “நெய் போட்டீர்களா?” என்று கேட்டால் எந்த அம்மாவுக்கும் கோபம் வரும். சாம்பாரின் மேல்தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டு எழுந்துவிடாதே. கரண்டியை அடிவரை விட்டுப் பருப்பை எடு. வேகவைக்காத துவரம்பருப்பில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 22 கிராம் புரதம் இருக்கிறது. அது பாத்திரத்தின் அடியில்தான் கிடக்கும்.

அடுத்தது தௌகுவா, அதாவது கெட்டியான சோயாக் கட்டி (டோஃபு). ஈரச்சந்தையில் ஒரு கட்டி ஒரு வெள்ளிக்கு முன்பின்னாகக் கிடைக்கும். துணியில் சுற்றி, மேலே கனமான கிண்ணம் வைத்துப் பத்து நிமிடம் தண்ணீர் வடியவிடு. பிறகு கையால் உதிர்த்துக்கொள். கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்து, நிறைய வெங்காயமும் பச்சைமிளகாயும் வதக்கி, மஞ்சள் தூவி, உதிர்த்ததைக் கொட்டிப் பிரட்டு. ஓரம் லேசாகச் சிவந்ததும் மிளகுத்தூள் போட்டு இறக்கு. முட்டைப் பொடிமாஸ் இல்லை என்று உன் தம்பி தங்கைகள் கண்டுபிடிப்பதற்குள் தட்டு காலியாகிவிடும். ரொட்டிக்கு நடுவில் வைத்துப் பள்ளிக்கும் கொண்டுபோகலாம்.

ஞாயிற்றுக்கிழமை தேக்காச் சந்தைக்கு அம்மாவோடு போய்ப் பையைத் தூக்கு. கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, வேர்க்கடலை, சோயா உருண்டை, கேழ்வரகு மாவு ஆகியவற்றை அவரது சாமான் பட்டியலிலேயே சேர்த்துவிடு. வீட்டுச் செலவு பெரிதாக ஏறாது, உன் ஆறு வெள்ளியும் தப்பும்.

வெளியே சாப்பிடும்போது கவனம் தேவை. உணவங்காடி நிலையத்துச் சீனச் சைவக் கடையில் பீஹூன் (அரிசிச் சேமியா) மூன்று, நான்கு வெள்ளிக்குள் வயிற்றை நிரப்பும். ஆனால் அங்கே விற்கும் போலி இறைச்சி சிலவற்றில் முட்டையோ பாலோ இருக்கும், கேட்டுவிட்டு வாங்கு. மற்றக் கடைகளில் கீரைப் பிரட்டலில்கூடச் சிப்பிச் சாறு ஊற்றியிருப்பார்கள். ரோஜாக் என்ற காய்பழக் கலவையிலும் சம்பால் பெலாச்சான் என்ற மிளகாய்த் துவையலிலும் இறால் விழுது உண்டு. லொந்தோங் (குழம்பு ஊற்றிய அரிசிக் கட்டி) பார்ப்பதற்குக் காய்கறியும் தேங்காய்ப்பாலுமாகத்தான் தெரியும், உலர்ந்த இறால் உள்ளே கரைந்திருக்கும். பரோட்டா மாவில் நெய்யோ பாலோ சேர்ப்பவர்கள் பலர். தோசைக் கடையில் “நெய் வேண்டாம், எண்ணெய் போதும்” என்று முன்கூட்டியே சொல். கோப்பி-ஓ (கறுப்புக் காப்பி), தே-ஓ (கறுப்புத் தேநீர்) இரண்டிலும் பால் இல்லை. ஆனால் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காதே, பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு முழுதாக எடுக்கவிடாது. எலுமிச்சை பிழிந்துகொள், கொய்யா சாப்பிடு, அவை உதவும்.

பாட்டியின் பயம் முழுக்கத் தவறில்லை. உன் எலும்பு இன்னும் வளர்கிற எலும்பு. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு என்று எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் ஒரு கிண்ணம் கூழுக்கு 40 கிராம் மாவுதான் போகும்; அதில் உள்ள கால்சியம் ஒரு டம்ளர் பாலில் இருப்பதில் ஏறத்தாழப் பாதிதான். ஆகவே கூழோடு தௌகுவாவும் கால்சியம் சேர்த்த சோயாப் பாலும் வேண்டும். கூழைக் காய்ச்சித்தரும்படி பாட்டியிடமே கேள். தயிரை மறுத்த பேரன் கூழை விரும்பிக் கேட்டால் அவர் மனமும் ஆறும்.

ஒன்றில் மட்டும் சிக்கனம் பார்க்காதே. வைட்டமின் பி12 செடிகொடி எதிலும் நம்பும்படியாகக் கிடைக்காது. கீரையில் இருக்கிறது, புளித்த மாவில் இருக்கிறது என்று யார் சொன்னாலும் கேட்காதே. உன் வயதுக்கு நாளொன்றுக்கு 2.4 மைக்ரோகிராம் என்பது அமெரிக்கப் பரிந்துரை. கல்லீரலில் இருப்பு இருக்கும்வரை குறை தெரியாது. தெரியவரும்போது நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். மாத்திரை, நாள் கணக்கில் பார்த்தால் சில காசுகள்தான். எந்த அளவு என்று மருந்தாளரைக் கேட்டு, அம்மாவின் பணத்திலேயே வாங்கு. தனியாகக் காசு தரமாட்டேன் என்ற விதிக்கு இந்த ஒரு விலக்கைக் கேட்பதில் தப்பே இல்லை. இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டு.

கேள்வி: என் 14 வயது மகள் வீகன் என்று தொடங்கி, இப்போது சோறும் எண்ணெயும் வேண்டாம் என்கிறாள். மெலிந்துகொண்டே போகிறாள். விட்டுப்பிடிக்கலாமா? — தாயார், உட்லண்ட்ஸ்

பதில்: வேண்டாம் அம்மா. பாலை விடுவது வேறு, சாப்பாட்டையே விடுவது வேறு. அடிக்கடி எடை பார்க்கிறாளா, வேளை தவறுகிறாளா, மாதவிடாய் தள்ளிப்போகிறதா என்று கவனியுங்கள். ஏதாவது ஒன்று இருந்தாலும் இந்த வாரமே பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப்போங்கள். திட்டாமல் அழைத்துப்போங்கள்.

கேள்வி: டெம்பே (சோயாவைப் புளிக்கவைத்த கட்டி) வாங்கினேன். கசக்கிறது, கரும்புள்ளியும் இருக்கிறது. கெட்டுவிட்டதா? — வாசகி, பிடோக்

பதில்: கருப்போ சாம்பலோ நிறத்தில் புள்ளி இருந்தால் பயமில்லை, அதைப் புளிக்கவைக்கும் பூஞ்சையே விடுகிற வித்துகள். இளஞ்சிவப்பு நிறம், பிசுபிசுப்பு, துர்நாற்றம் என்றால் தூக்கி எறிந்துவிடுங்கள். கசப்புக்கு வழி: கட்டியைப் பத்து நிமிடம் ஆவியில் வைத்து, மெல்லியதாக நறுக்கி, புளித்தண்ணீரில் உப்பும் மஞ்சளும் கரைத்து அரை மணி நேரம் ஊறவிடுங்கள். ஈரம் ஒற்றி எடுத்துப் பொரியுங்கள். ஈரத்தோடு போட்டால் எண்ணெய் தெறிக்கும்.