அரியர்ஸ் 90,000 ரூபாய்: டிவியா, வாஷிங் மெஷினா?

கேள்வி: அரியர்ஸ் பணம் 90,000 ரூபாய் வந்திருக்கிறது. 72,000 ரூபாய்க்கு 65 இஞ்ச் டிவி பார்த்து வைத்திருக்கிறார் கணவர். ‘நோ-காஸ்ட் இஎம்ஐ’யில், அதாவது வட்டியில்லாத் தவணையில் எடுத்தால் பணம் கையிலேயே இருக்கும் என்கிறார். வீட்டில் ஐந்து பேர். துணியெல்லாம் நானும் மாமியாரும் கையால்தான் துவைக்கிறோம். மாமியாருக்குத் திருச்செந்தூர் போய் வர ஆசை. எதற்குச் செலவழித்தால் வீட்டில் சந்தோஷம் இருக்கும்? பணத்தால் சந்தோஷம் வராது என்கிறார்களே, அது உண்மையா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: பணத்தால் சந்தோஷம் வராது என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. மளிகைக் கடை பாக்கிக்குப் பயந்து வேறு தெரு வழியாக வீட்டுக்குப் போகிறவரிடம் அதைச் சொல்ல முடியுமா? அமெரிக்காவில் ஆண்டு வருமானம் 75,000 டாலரைத் தாண்டினால் அன்றாட மகிழ்ச்சி கூடுவதில்லை என்று ஆய்வாளர்கள் டேனியல் கானமனும் ஆங்கஸ் டீட்டனும் 2010இல் எழுதினார்கள். அதே கானமன் 2023இல், வேறு இருவரோடு சேர்ந்து மறுபடி ஆராய்ந்தபோது, பெரும்பாலானோருக்கு அதற்கு மேலும் கூடிக்கொண்டே போகிறது என்று கண்டார். ஆனால் உங்கள் கையில் இருப்பது ஒரு தடவை வந்த பணம். அதனால் எங்கே செலவழிக்கிறோம் என்பதுதான் முக்கியம்.

என் பதில், முதலில் வாஷிங் மெஷின். ஐந்து பேர் துணியை இரண்டு பெண்கள் தினமும் கசக்கிப் பிழிவது சின்ன வேலை இல்லை. ஆட்டுக்கல்லில் மாவாட்டிய கைக்குக் கிரைண்டர் வந்தபோது எங்கள் அம்மா பட்ட நிம்மதியை நான் பார்த்திருக்கிறேன். 2017இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, கனடாவின் வான்கூவரில் வேலைக்குப் போகிற 60 பேருக்கு இரண்டு வார இறுதிகளில் 40 டாலர் வீதம் கொடுத்தார்கள். ஒரு முறை பொருள் வாங்க, இன்னொரு முறை நேரத்தை மிச்சப்படுத்த. நேரத்தை மிச்சப்படுத்திய நாளில்தான் அவர்கள் அதிக மகிழ்ச்சியாக இருந்தார்கள்.

ஐந்து பேருக்கு 8 கிலோ டாப்-லோடு (மேல்பக்கம் துணி போடுவது), ஃபுல்லி ஆட்டோமேட்டிக் போதும். 25,000 ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். மேல்தொட்டியிலிருந்து குழாயில் தண்ணீர் நன்றாக வரவேண்டும். நாள்விட்டு நாள் வரும் தண்ணீரைப் பிடித்து வைத்துத்தான் புழங்குகிறீர்கள் என்றால் செமி ஆட்டோமேட்டிக்தான் சரிவரும், வாளியால் ஊற்றிக்கொள்ளலாம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மெஷினில் உப்பு படியும், மாதம் ஒரு தடவை டிஸ்கேலர் பொடி போட்டு ஓடவிடுங்கள்.

டிவி விஷயத்தில் இஎம்ஐ வேண்டாம். வட்டியே இல்லாத கடன் கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. 72,000 ரூபாயை மாதம் 6,000 வீதம் 12 மாதம் கட்டுவதாக வையுங்கள். ஆண்டுக்கு 15 சதவீத வட்டி என்றால் அதில் சுமார் 5,500 ரூபாய் வட்டி ஆகிறது. அதை விலையில் தள்ளுபடி என்று முதலிலேயே கழித்துக் காட்டுவார்கள். ஆனால் கிரெடிட் கார்டு என்றால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, கிட்டத்தட்ட 1,000 ரூபாய், உங்கள் தலையில்தான். பிராசஸிங் கட்டணம் தனி. ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கடையில் கேட்டுப் பாருங்கள், அப்போது தெரியும்.

பெரிய திரை மூன்று மாதத்தில் கண்ணுக்குப் பழகிவிடும். தவணை பன்னிரண்டு மாதமும் வரும். அதற்காகக் கணவர் ஆசையைத் தட்டிக்கழிக்காதீர்கள். நண்பர்களைக் கூட்டி கிரிக்கெட் பார்ப்பவர் என்றால் அந்தக் கூட்டம்தான் அவருக்குச் சந்தோஷம், அதற்கு 43 இஞ்சே போதும். 65 இஞ்சுக்கு உட்காருமிடத்திலிருந்து சுவர்வரை ஏழெட்டு அடியாவது வேண்டும். ஹாலை டேப் வைத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ரொக்கத்தில் வாங்கும் அளவு பணம் சேரட்டும், அப்புறம் எடுக்கலாம்.

திருச்செந்தூர் மட்டும் தள்ளிப் போடக் கூடாது. டிவி அடுத்த வருடமும் கடையில் இருக்கும், மாமியாரின் முழங்கால் இதே மாதிரி இருக்குமா? கந்த சஷ்டிக் கூட்டத்தில் அவரை அலைக்கழிக்காமல், சாதாரண வாரநாளாகப் பார்த்து இந்த மாதமே ரயில் டிக்கெட் போட்டுவிடுங்கள். கீழ்ப் படுக்கையாகக் கேட்டு வாங்குங்கள்.