சக்‌ஷன் பிரஷர் 0.5 முதல் 2.5 பார் வரை மாறும் ஸ்டீம் கன்டென்சேட்டுக்கு எந்த பம்ப் போடுவது?

என்ன தொழிற்சாலை என்று நீங்கள் சொல்லவில்லை. பிரஷர் இந்த அளவுக்கு ஏறி இறங்குகிறது என்றால் பேப்பர் மில் டிரையர் செபரேட்டராக (டிரையரில் ஸ்டீம் குளிர்ந்து உண்டாகும் சுடுதண்ணீரை, அதாவது கன்டென்சேட்டை, ஆவியிலிருந்து பிரிக்கும் தொட்டி) இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். கெமிக்கல் பிளான்ட் என்றாலும் கணக்கு இதேதான்.

எனக்கு முன்னால் பதில் போட்டவர், "கேஜ் 2 பார் காட்டுதே, 20 மீட்டர் என்பிஎஸ்எச் கையில இருக்கு, எந்த பம்ப்பும் ஓடும்" என்று எழுதியிருக்கிறார். என்பிஎஸ்எச் என்பது தண்ணீர் பம்ப்புக்குள் நுழையும் இடத்தில், அது ஆவியாகாமல் இருக்க மிச்சமிருக்கும் அழுத்தம், மீட்டரில். அந்தப் பதிலுக்கு ஆதரவு வாக்கு வேறு. அதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

உடுமலைப் பக்கம் ஒரு கிராஃப்ட் பேப்பர் மில்லில் மெயின்டனன்ஸ் பார்த்தபோது, பம்ப் கம்பெனி இன்ஜினியர் இதே வாக்கியத்தைத்தான் என்னிடமும் சொன்னார். செபரேட்டரில் இருப்பது பச்சைத் தண்ணீர் இல்லை. 2 பாரில் அது 133 டிகிரியில், கொதிநிலையிலேயே நிற்கிறது. மேலே அழுத்துகிற பிரஷரும் தண்ணீரின் ஆவி அழுத்தமும் ஒன்றே என்பதால் இரண்டும் கழிந்து போகும். மிஞ்சுவது தண்ணீர் மட்டம் பம்ப் மையத்துக்கு மேல் எத்தனை மீட்டர் என்பது மட்டும்தான். அதிலும் பைப், எல்போ, ஸ்ட்ரெய்னர் தின்பதைக் கழிக்க வேண்டும். எங்கள் இடத்தில் உயரம் 1.8 மீட்டர், லைனில் போவது 0.6. கையில் இருந்தது 1.2 மீட்டர். வாங்கி வைத்திருந்த 2900 ஆர்பிஎம் பம்ப் கேட்டது 2.8. அந்த 2.8-ம் கம்பெனி டெஸ்ட்டில் ஹெட் (பம்ப் தண்ணீரைத் தூக்கும் உயரம்) 3 சதவீதம் விழுந்த பிறகு குறித்த அளவு. கேவிட்டேஷன், அதாவது பம்ப்புக்குள் ஆவிக் குமிழிகள் உண்டாகி உடைவது, அதற்கு முன்பே தொடங்கியிருக்கும்.

சீராக ஓடும்போதே இந்த லட்சணம். பேப்பர் அறுந்தால்தான் உண்மையான கூத்து. டிரையரில் லோடு விழும், ஆபரேட்டர் ஸ்டீமைக் குறைப்பார், செபரேட்டர் பிரஷர் 2-லிருந்து அரைக்கு மளமளவென்று இறங்கும். அரை பாரில் கொதிநிலை 111 டிகிரி. சக்‌ஷன் பைப்பில் நிற்கிற தண்ணீரோ இன்னும் 133-ல் இருக்கிறது. பைப்புக்குள்ளேயே ஆவியாகிவிடும். நைட் ஷிப்ட் பையன் ஓடி வருவான், "அண்ணா, மறுபடியும் கத்துதுங்க" என்று. போய்ப் பார்த்தால் கேசிங்குக்குள் ஜல்லி உருளுகிற சத்தம், ஆம்பியர் முள் ஆடிக்கொண்டிருக்கும், மெக்கானிக்கல் சீலிலிருந்து பொடி ஆவி சீறும்.

லாக் ஷீட்டின் பின்பக்கம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். "டிப்ளமோவுக்கு இவ்வளவு தியரி எதுக்கு" என்றார் மேலே இருந்தவர். பிறகு அதே பரிந்துரை எனர்ஜி ஆடிட் ரிப்போர்ட்டில் கலர் கிராஃபோடு வந்தது, உடனே பாஸ். கன்டென்சேட் மிச்சப்படுத்தியதற்கு விருது வாங்கிய போட்டோவில் பர்சேஸ் மேனேஜர்கூட நிற்கிறார். பைப்பை வெல்டிங் வைத்த ஆள் ஒருவரும் இல்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் எழுதிவிட்டேன்.

செய்தது இது. கூரை உத்தரம் இடித்ததால் செபரேட்டரைத் தூக்க முடியவில்லை, பம்ப்பைக் குழிக்குள் இறக்கினோம். பம்ப்பை 1450 ஆர்பிஎம்முக்கு மாற்றினோம். விலை கூடுதல், பாடி பெரிது, பர்சேஸ் முனகும். சக்‌ஷன் லைனை 2 இன்ச்சிலிருந்து 4 ஆக்கி, நீளத்தைப் பாதியாகக் குறைத்தோம். இதில் ஒரு சூட்சுமம்: பைப் பெரிதானால் உராய்வு குறையும், ஆனால் பழைய சூட்டுத் தண்ணீரும் உள்ளே அதிகம் தங்கும். அதனால் பெரிதாக்கினால் மட்டும் போதாது, குட்டையாகவும் இருக்க வேண்டும். பெரிய பைப்பைப் பம்ப்பின் சிறிய வாயோடு சேர்க்கும் ரெட்யூசர் எக்சென்ட்ரிக் (ஒரு பக்கம் தட்டையானது), ஆவி தங்காமல் இருக்கத் தட்டைப் பக்கம் மேலே. கேசிங்கிலிருந்து செபரேட்டரின் ஆவிப் பகுதிக்கு ஒரு வென்ட்.

கடைசியாக, சக்‌ஷனில் கொஞ்சம் குளிர்ந்த நீர். 120 டிகிரி தண்ணீரில் 30 டிகிரி நீரை 5 சதவீதம் கலந்தால் 115.5-க்கு வரும், ஆவி அழுத்தம் கால் பாருக்கும் சற்று மேலாகக் குறையும். இரண்டே முக்கால் மீட்டர் உயரம் இலவசமாகக் கிடைத்த கணக்கு. போர்வெல் தண்ணீரை விட்டுவிடாதீர்கள், பாய்லர் டியூப் செதில் கட்டிவிடும். சாஃப்ட்னர் அல்லது ஆர்ஓ தண்ணீர்தான்.

இனி நீங்கள் கேட்ட தேர்வு. டிஸ்சார்ஜ் ஹெட்டைக் கணக்கிட 0.5 பாரை எடுங்கள், பம்ப் அதிகம் உழைக்க வேண்டியது அப்போதுதான். அதோடு நிறுத்திவிடாதீர்கள். 2.5 பாரில் செபரேட்டர் பிரஷரே தண்ணீரை 25 மீட்டர் தள்ளும். ஃபீட் டேங்க் 8 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது என்றால், பம்ப் தன் கர்வின் (ஃப்ளோவுக்கு எவ்வளவு ஹெட் என்று காட்டும் கோடு) வலது கோடிக்கு ஓடிவிடும். ஃப்ளோ எகிறும், கேட்கும் என்பிஎஸ்எச்சும் எகிறும், மோட்டார் டிரிப் ஆகும். லெவலைப் பார்த்துத் திறக்கும் கன்ட்ரோல் வால்வு டிஸ்சார்ஜில் வேண்டும், வால்வு மூடினாலும் பம்ப்பில் கொஞ்சம் தண்ணீர் ஓட மினிமம் ஃப்ளோ லைனும் வேண்டும். மோட்டாரைக் கர்வ் முடியும் இடத்தின் பவருக்கு எடுங்கள். சீலையும் கேசிங்கையும் அதிகபட்ச பிரஷர், அதிகபட்ச சூட்டுக்குக் கேளுங்கள்.

மணிக்கு ஓரிரு டன்தான் வருகிறது என்றால் சென்ட்ரிஃபியூகலே வேண்டாம், ஸ்டீமால் தள்ளும் ஃப்ளோட் டைப் பம்ப் போடுங்கள். இம்பெல்லரே இல்லாததால் கேவிட்டேஷன் பேச்சுக்கே இடமில்லை. நான் எந்தக் கம்பெனிக்கும் டீலர் இல்லை, கமென்ட்டில் அந்தச் சண்டை வேண்டாம். "இன்டியூசர் போட்டா போதுமே" என்பவர்களுக்கு (இம்பெல்லருக்கு முன்னால் வைக்கும் திருகு போன்ற சிறு சக்கரம் அது): போடலாம்தான், ஆனால் ஃப்ளோ இப்படி ஏறி இறங்கும் இடத்தில் எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

மணிக்கு எத்தனை டன், தண்ணீர் மட்டம் பம்ப் மையத்துக்கு மேல் எவ்வளவு, பிரஷர் 2.5-லிருந்து 0.5-க்கு இறங்க எத்தனை விநாடி, இந்த மூன்றையும் போடுங்கள், கணக்குப் பார்த்துச் சொல்கிறேன். கேடலாக் போட்டோ மட்டும் அனுப்பாதீர்கள்.